அந்த ராத்திரி வீட்டில் யார் யார் இருந்தார்கள்?

வீட்டுக்குள் நடந்த ஒரு சாவு மேல்முறையீட்டுக்கு வரும்போது, உயர் நீதிமன்றத்தில் கட்டுக்கட்டான காகிதத்தைப் புரட்டி முதலில் தேடுவது ஒன்றைத்தான். அந்த ராத்திரி வீட்டில் யார் யார் இருந்தார்கள், அதைச் சொன்னது யார்? கழுத்துத் தடம், வரதட்சணைப் பேச்சு, செல்போன் அழைப்புப் பட்டியல் எல்லாம் அதற்குப் பிறகு. வேலூர் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் விசாரணை நடக்கும் நாட்களில் இந்தக் கேள்வி யாருக்கும் அவ்வளவாக உறைப்பதில்லை. "புருஷன் வீட்லதான செத்தா, வேற யாரு?" என்று பெண் வீட்டார் சொல்வார்கள். "நாங்க யாருமே அந்த ரூமுக்குப் போகல" என்று பையன் வீட்டார் சொல்வார்கள். முதலாவது ஊகம், இரண்டாவது வெறும் மறுப்பு. தீர்ப்பு வந்த பிறகுதான் இரண்டு வீட்டாரும் காகிதத்தைத் தேடுகிறார்கள்.

இரண்டு வீட்டாருக்குமே இதை எழுதுகிறோம். மகளைப் பறிகொடுத்தவர்களுக்கும், தொரப்பாடி மத்திய சிறையில் மகனையும் அங்கேயே இருக்கும் பெண்கள் தனிச் சிறையில் அவன் தாயையும் பார்க்க மனுப் போட்டுக் காத்திருப்பவர்களுக்கும். மேல்முறையீடு என்பது மறு விசாரணை கிடையாது. சாட்சிகள் திரும்பவும் கூண்டேற மாட்டார்கள். கீழ் நீதிமன்றத்தில் எழுதப்பட்டது எதுவோ, அதைத்தான் படிப்பார்கள். கூடுதல் சாட்சியம் எடுக்க பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 391-ம், இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா 432-ம் இடம் தருகின்றன. ஆனால் அது அபூர்வம். விசாரணையில் விட்ட ஓட்டையை அடைக்கக் கொடுத்த வழியாக அதை எந்த அமர்வும் எடுத்துக்கொள்வதில்லை.

ஆகவே முதல் இரண்டு நாளிலிருந்து தொடங்க வேண்டும்.

இந்த வழக்குகளில் பெரும்பாலானவை கொலை வழக்காகப் பிறப்பதில்லை. "வயிற்றுவலி தாங்காமல் தூக்கு மாட்டிக்கொண்டாள்" என்று யாரோ ஒருவர் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்க, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 174-ம் பிரிவில் சந்தேக மரணமாகப் பதிவாகும். இப்போது அது 194. பிரேதப் பரிசோதனை மருத்துவரின் கருத்து வந்த பிறகு, அல்லது பெண்ணின் அண்ணன் புகார் கொடுத்த பிறகு, பிரிவு மாற்ற அறிக்கை போட்டு 302 (கொலை) என்றோ 304பி (வரதட்சணைச் சாவு) என்றோ மாற்றுவார்கள். அந்த மாற்ற அறிக்கை மாஜிஸ்திரேட் கைக்கு எந்தத் தேதியில், எத்தனை மணிக்குப் போனது என்பது மேல்முறையீட்டில் ஊசிமுனை மாதிரி. முதல் தகவல் அறிக்கையின் ஓரத்தில் மாஜிஸ்திரேட் கையெழுத்தும் தேதியும் நேரமும் இருக்கும். அந்த மூலையைத்தான் முதலில் பாருங்கள். குடியாத்தத்தில் காலை 8 மணிக்குப் பதிவான அறிக்கை அதே ஊர் நீதிமன்றத்துக்கு மறுநாள் மாலை போயிருந்தால், நடுவில் என்ன நடந்தது என்று எதிர்த்தரப்பு கேட்கும். தாமதம் ஒன்றினாலேயே வழக்கு விழாது. விளக்கம் சொல்லாத தாமதத்தோடு, எதிரிகள், அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்கள், பட்டியலில் பெயர்களும் கூடிக்கொண்டே போயிருந்தால் விழும்.

கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் பெண் இறந்தால் கோட்டாட்சியர் விசாரணை. ஆர்.டி.ஓ. தாய் தகப்பனைக் கேட்பார், மாமனார் மாமியாரைக் கேட்பார், பஞ்சாயத்தார்களிடம் கையெழுத்து வாங்குவார். "வரதட்சணைக் கொடுமை காரணம்" என்றோ "இல்லை" என்றோ ஒரு முடிவும் எழுதுவார். அந்த முடிவை இரண்டு பக்கமும் பெரிதாகப் பிடித்துக்கொள்கிறார்கள். நீதிமன்றத்தை அது கட்டுப்படுத்தாது. அந்த விசாரணையில் ஒவ்வொருவரும் சொன்ன வார்த்தைதான் பலம். பிணவறை வாசலில், அழுகை அடங்காத நேரத்தில், பெண்ணின் அம்மா "என் பொண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரு தகராறும் இல்ல" என்று சொல்லிவிட்டு, இரண்டு வருஷம் கழித்துக் கூண்டில் "பத்துப் பவுன் கேட்டு அடித்தார்கள்" என்று சொன்னால், அந்த முரண்பாடு மேல்முறையீடு வரை துரத்தும். அதிர்ச்சியில் இருக்கும் தாயிடம் இப்படிக் கேட்பது கொடுமைதான். ஆனாலும் அந்த வாக்குமூலத்தைப் படித்துக் காட்டச் சொல்லி, விட்டுப்போனதைச் சேர்க்கச் சொல்லி, அதன் பிறகு கையெழுத்துப் போடுவது அவர்களுடைய உரிமை. கூட வந்த உறவினர் ஒருவராவது இதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

அன்றைக்கே தயாராகும் இன்னும் இரண்டு காகிதங்கள், சம்பவ இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதும் பார்வை மகஜரும் அந்த இடத்தின் மாதிரி வரைபடமும். வீட்டுக்கு எத்தனை கதவு, உள் தாழ்ப்பாளா வெளித் தாழ்ப்பாளா, தாழ்ப்பாள் பெயர்ந்திருந்ததா, மின்விசிறிக் கொக்கி தரையிலிருந்து எத்தனை அடி, கீழே கவிழ்ந்த ஸ்டூல் இருந்ததா, புறக்கடைக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். நாலு வரியில் "மெத்தை வீடு, வடக்குப் பார்த்த வாசல்" என்று முடித்த மகஜர்கள் ஏராளம். அப்படி முடிந்திருந்தால், உள்ளே தாழ் போட்டிருந்ததா என்ற கேள்விக்குச் சாட்சிகளின் வாய்ச்சொல்லைத் தவிர வேறு எதுவும் மிஞ்சாது. அந்த வாய்ச்சொல்லும் ஆளுக்கு ஒரு விதமாக இருக்கும்.

மருத்துவமனைக்கு உயிரோடு கொண்டுபோயிருந்தால், எல்லாவற்றுக்கும் முந்திய ஆவணம் விபத்துப் பதிவேடு. அதன் நகலை ஏ.ஆர். காப்பி என்பார்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, தாலுகா மருத்துவமனையோ, தனியார் மருத்துவமனையோ, அவசரப் பிரிவில் மருத்துவர் முதலில் எழுதுவது அதைத்தான்: கூட்டி வந்தவர் யார், எத்தனை மணிக்கு, என்ன நடந்ததாகச் சொன்னார். போலீஸ் வருவதற்கு முன்பு, வக்கீல் வருவதற்கு முன்பு சொன்ன சொல் அது. கணவனே தூக்கிக்கொண்டு ஓடிவந்து "தூக்கு மாட்டிக்கிட்டா, இறக்கினேன்" என்று சொல்லியிருந்தால், சாவு நடந்த நேரத்தில் அவன் வீட்டில் இருந்ததற்கும் அதுவே சான்று, அவன் விளக்கம் முதல் நிமிஷத்திலிருந்து மாறவில்லை என்பதற்கும் அதுவே சான்று. எந்தப் பக்கம் அது வேலை செய்யும் என்பதைப் பிரேதப் பரிசோதனைதான் சொல்லும். பல வழக்குகளில் இந்த நகலை யாருமே சான்றாவணமாகக் குறியீடு செய்வதில்லை. 108 ஆம்புலன்ஸ் அழைப்பு நேரமும் அப்படித்தான் விட்டுப்போகிறது.

இனி நடுக் கேள்வி. சாட்சியச் சட்டம் 106, புதிய சாக்‌ஷிய அதினியத்தில் 109. ஒருவருக்கு மட்டுமே விசேஷமாகத் தெரிந்த சங்கதியை மெய்ப்பிக்கும் சுமை அவர் மேல் விழும் என்கிறது அது. சட்டமே தரும் உதாரணங்களில் ஒன்று ரயில் டிக்கெட். டிக்கெட் இல்லாமல் பயணம் செய்ததாக ஒருவர் மேல் வழக்கு; டிக்கெட் இருந்தது என்று காட்ட வேண்டியவர் அவரே. காட்பாடியில் இறங்குகிறவருக்கு இது சொல்லாமலே தெரியும். ஆனால் ரயிலில் வந்தவர் அவர் என்பதை முதலில் ரயில்வே காட்ட வேண்டுமல்லவா? 106-ன் உயிர் அங்கேதான் இருக்கிறது. 1956-ல் ஷம்பு நாத் மேஹ்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது: குற்றத்தை நிரூபிக்கும் பொது சுமையை இந்தப் பிரிவு அரசுத் தரப்பின் தோளிலிருந்து இறக்கிவிடாது.

வீட்டுச் சாவுகளுக்கு இதைப் பொருத்திக் காட்டியது 2006-ன் திரிமுக் மரோதி கிர்கன் தீர்ப்பு. மகாராஷ்டிரத்துக் கிராமம் ஒன்றில் பாம்பு கடித்து இறந்தாள் என்று பெண் வீட்டுக்குச் சொல்லி அனுப்பினார்கள். பிரேதப் பரிசோதனையில் கழுத்து நெரிபட்டது தெரிந்தது. நாலு சுவருக்குள் ரகசியமாக நடந்த குற்றத்துக்கு நேரடி சாட்சி கேட்டால் கிடைக்காது. ஆகவே அரசுத் தரப்பு காட்ட வேண்டிய அளவு கொஞ்சம் இலகுவாகும், வீட்டிலிருந்தவர்கள் நம்பத்தக்க விளக்கம் தர வேண்டும் என்றது நீதிமன்றம். விளக்கம் இல்லாததும் பொய் விளக்கமும் சங்கிலியில் இன்னொரு கண்ணி ஆகும். தமிழ்நாட்டிலிருந்து போய் 1999-ல் முடிந்த ஒரு வழக்கையும் அதில் எடுத்துக்காட்டினார்கள். ராத்திரி 9 மணிக்குக் கணவனும் மனைவியும் குடிசையில் இருந்ததைப் பார்த்தவர்கள் உண்டு. குடிசை தீப்பிடித்தபோது கணவன் கூரை வழியாக வெளியே வந்தான். தற்செயலான தீ என்றான். மனைவி தீயால் சாகவில்லை, கழுத்து நெரித்ததால் இறந்தாள் என்றது மருத்துவச் சான்று. அங்கே "9 மணிக்குப் பார்த்தோம்" என்ற சாட்சிதான் அஸ்திவாரம்.

அந்த அஸ்திவாரம் நம் ஊரில் எப்படிப் போடப்படுகிறது, எப்படிச் சரிகிறது என்று பார்த்தால் கண் திறக்கும். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் ஷூ கம்பெனியில் வேலை செய்யும் கணவன் என்றால், வருகைப் பதிவு இருக்கும். ஷிப்ட் முடிந்து வெளியேறிய நேரத்துக்கும் வீட்டில் இருந்ததாகச் சொல்லப்படும் நேரத்துக்கும் இடைவெளி எவ்வளவு? கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு ஒருவர் ராணுவத்தில் இருக்கும் ஊர் என்றால், விடுப்பு ஆணையும் ரயில் முன்பதிவும் பேசும். பீடி சுற்றும் பெண்கள் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தெருவில் யார் எப்போது உள்ளே போனார் என்பதற்குச் சாட்சி கிடைக்கும். அந்த ஊரிலேயே அவர்கள் வாழ வேண்டியிருப்பதால், கூண்டேறியதும் பிறழ் சாட்சியாகிவிடுவதும் உண்டு.

இன்னொன்று வேலூர் வெயில். சித்திரை, வைகாசியில் பாதிக் குடும்பம் மொட்டை மாடியில் படுக்கும், ஆண்கள் வாசலில் கயிற்றுக் கட்டிலில் படுப்பார்கள், கைக்குழந்தைக்காரி மட்டும் உள்ளே மின்விசிறிக்குக் கீழே. "எல்லாரும் வீட்டில் இருந்தார்கள்" என்று ஒரு சாட்சி சொன்னால், அந்த 'வீட்டில்' என்ற சொல்லுக்குள் மாடி, திண்ணை, புறக்கடை எல்லாம் அடங்கிவிடுகிறது. சட்டத்துக்கு வேண்டியது அந்த அறை. குறுக்கு விசாரணையில் "அன்று யார் எங்கே படுத்திருந்தார்கள்?" என்று கேட்காமல் விட்டவர்கள், மேல்முறையீட்டில் மாதத்தை மட்டும் சுட்டிக்காட்டி வாதாட வேண்டியதாகிறது. அப்படியும் சில நேரம் கணவனுக்கு நின்ற தண்டனை மாமனார், நாத்தனார் மேல் நிற்காமல் போகிறது. அவர்கள் மேல் சொன்னது பொத்தாம்பொதுவான குற்றச்சாட்டு, இன்னார் இன்ன நாளில் இன்னது செய்தார் என்று யாரும் சொல்லவில்லை என்று எழுதி விடுவிப்பார்கள்.

சூழ்நிலைச் சான்றுக்கு அளவுகோல் 1984-ன் சரத் பிர்திசந்த் சர்தா தீர்ப்பு. அதுவும் புகுந்த வீட்டில் இறந்துபோன இளம் மனைவியின் வழக்குதான். மரண தண்டனை வரை போன கணவனை உச்ச நீதிமன்றம் விடுவித்தது. ஒவ்வொரு சூழ்நிலையும் முழுமையாக நிரூபணமாக வேண்டும், குற்றவாளி என்ற ஒரே முடிவுக்குத்தான் அவை கொண்டுபோக வேண்டும், வேறு எந்த நியாயமான விளக்கத்துக்கும் இடமிருக்கக் கூடாது, சங்கிலி அறுபடாமல் இருக்க வேண்டும். வீட்டுச் சாவில் அந்த வேறு விளக்கம் எப்போதும் ஒன்றுதான்: தற்கொலை. அதனால் மருத்துவர் கூண்டேறும் நாள் மிகப் பெரிய நாள்.

தூக்கில் தொங்கினால் தடம் பொதுவாகத் தாடைக்குக் கீழே, சாய்வாக மேலேறி, காதோரம் விட்டுப்போகும். நெரித்தால் அநேகமாகக் கழுத்தின் நடுவிலோ அதற்குக் கீழோ, கிடைமட்டமாக, சுற்றி வளைத்து இருக்கும். உள்ளே தசையில் ரத்தக்கசிவு, குரல்வளைக் குருத்தெலும்பு முறிவு இருந்தால் நெரித்ததன் பக்கம் தராசு சாயும். வாயோரம் எச்சில் வழிந்த தடம் உயிரோடு தொங்கியதன் பக்கம் சாயும். நாவடி எலும்பு முறிவை மட்டும் வைத்துக்கொண்டு முடிவு சொல்ல முடியாது. இளவயதில் நெரித்தாலும் அது முறியாமல் இருக்கும், வயதானவர்களுக்குத் தூக்கிலேயே முறியும். இவற்றில் எதைப் பார்த்தேன், எதைப் பார்க்கவில்லை என்று மருத்துவர் எழுதியிருக்க வேண்டும். கழுத்தை அடுக்கடுக்காகப் பிரித்துப் பார்த்தாரா, மண்டையையும் மார்பையும் திறந்து ரத்தம் வடிந்த பிறகு கழுத்தைத் திறந்தாரா என்று கேட்க வேண்டும். முறை மாறினால் ரத்தக்கசிவு இருப்பது போலத் தோன்றும். கேட்காத கேள்விக்கு மேல்முறையீட்டில் பதில் கிடைக்காது.

தீக்காயச் சாவில் மூச்சுக்குழலில் கரி இருந்ததா, புகையைச் சுவாசித்தால் ரத்தத்தில் உருவாகும் கார்பாக்சி ஹீமோகுளோபின் இருந்ததா என்பது உயிரோடிருக்கையில் தீப்பட்டதா என்று காட்டும். விஷம் என்று சந்தேகம் வந்தால் இரைப்பையும் அதிலுள்ளவையும், சிறுகுடலில் ஒரு துண்டு, கல்லீரலில் ஒரு பகுதி, இரண்டு சிறுநீரகத்திலும் பாதிப் பாதி, ரத்தம் என எடுப்பார்கள். உறுப்புகள் செறிவான உப்புக் கரைசலில் போகும். எந்தக் கரைசலில் போட்டார்களோ அதன் மாதிரி ஒரு புட்டி தனியாகப் போக வேண்டும். அது போகவில்லை என்றாலோ, தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போய்ச் சேரும் வரை யார் கையில் எத்தனை நாள் இருந்தது என்று பதிவு இல்லையென்றாலோ, ஆய்வு முடிவின் மேல் கை வைக்கலாம். இறந்த நேரம் கணக்கிடுவதிலும் வெயில் குறுக்கே நிற்கும். கோடையில் பிண விறைப்பு சீக்கிரம் வந்து சீக்கிரம் விலகும். நாற்பது டிகிரி ஊரில் குளிர்நாட்டு அட்டவணையை வைத்து மணி சொல்ல முடியாது.

மரண வாக்குமூலம் இருந்தால் வழக்கின் நிறமே மாறும். மாஜிஸ்திரேட் வந்து, மருத்துவரிடம் சுயநினைவோடு இருக்கிறாரா என்று கேட்டு, உறவினர்களை வெளியே அனுப்பிவிட்டு, கேள்வியும் பதிலுமாக எழுதுவது முறை. மருத்துவர் சான்று இல்லாததாலேயே அது செல்லாமல் போகாது என்று 2002-ல் லக்ஷ்மண் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. எழுதியவர் திருப்தியடைந்தாரா என்பதே கேள்வி. நம்பத்தக்கதாக இருந்தால் அது ஒன்றே தண்டனைக்குப் போதும். சிக்கல் வருவது ஒன்றுக்கு மேல் இருக்கும்போது. முதலில் "ஸ்டவ் வெடித்தது" என்று மருத்துவரிடம், பிறகு "அவர்தான் ஊற்றினார்" என்று மாஜிஸ்திரேட்டிடம். முதல் சொல்லின்போது பக்கத்தில் நின்றது யார்? மாமியார் கை பிடித்துக்கொண்டு நின்றிருந்தால், அந்தச் சொல்லை எப்படி எடைபோடுவது? இதற்கு விடை அந்த ஏ.ஆர். காப்பியின் "கூட்டி வந்தவர்" கட்டத்தில் இருக்கும்.

குழந்தை சாட்சி இருந்தால் மனம் கனக்கும். ஆறு, ஏழு வயதுப் பிள்ளை, அம்மா இறந்த அறையிலேயே படுத்திருந்தது. சட்டம் குழந்தையின் சாட்சியத்தை ஒதுக்கவில்லை. கேள்வி புரிகிறதா, பதில் சொல்லத் தெரிகிறதா என்று நீதிபதி கேட்டு, அந்தக் கேள்வி பதில்களை எழுதி வைக்க வேண்டும். உயர் நீதிமன்றம் முதலில் பார்ப்பது அந்தப் பக்கத்தை. அடுத்துப் பார்ப்பது, சாவுக்கும் பிள்ளையின் வாக்குமூலத்துக்கும் இடையில் எத்தனை நாள், அந்த நாட்களில் பிள்ளை யார் வீட்டில் வளர்ந்தது. பாட்டி வீட்டில் நாலு மாதம் இருந்த பிறகு கொடுத்த வாக்குமூலம் என்றால், சொல்லிக் கொடுத்தது என்ற வாதம் தானாக எழும். உண்மையிலேயே பார்த்த பிள்ளையாக இருந்தால், முதல் வாரத்திலேயே மாஜிஸ்திரேட் முன் வாக்குமூலம் எடுக்கும்படி பெண் வீட்டார் எழுத்தில் கேட்டிருக்க வேண்டும்.

மொழியால் விழும் ஓட்டை ஒன்றும் உண்டு. எத்தனை பேர் இதைக் கவனிக்கிறார்கள் என்பது எங்களுக்கு உறுத்திக்கொண்டே இருக்கும் விஷயம். பக்கத்து வீட்டு அம்மா கூண்டில் நின்று "ராத்திரி பூரா அடிச்சானாம், அந்தப் பொண்ணு கத்துச்சாம்" என்கிறார். அந்த 'ஆம்' இருக்கிறதே, தான் பார்க்கவில்லை, கேட்கவில்லை, பிறர் சொல்லக் கேட்டது என்று அது ஒன்றே சொல்லிவிடுகிறது. தட்டச்சில் ஏறும்போது "இரவு முழுவதும் எதிரி அடித்தார், இறந்துபோனவர் சத்தம் போட்டார்" என்று ஆகிவிடுகிறது. கேள்விச் செய்தி நேரடி சாட்சியமாகிவிட்டது. ஆங்கிலத்துக்குப் போகும்போது அது இன்னும் உறுதிப்படும். "தூக்கு மாட்டி இருந்தது", "தூக்கு மாட்டிக்கொண்டது", "தூக்கில் மாட்டியது" மூன்றும் மூன்று வேறு செய்தி. சாட்சியத்தைப் படித்துக் காட்டும் நேரத்தில் எழுந்து திருத்தச் சொல்வது வக்கீலின் வேலை. மேல்முறையீட்டுக்கு மொழிபெயர்ப்பு தயாரிக்கும்போது தமிழ் மூலத்தை வரிக்கு வரி ஒப்பிடுவது அதைவிடப் பெரிய வேலை.

முரண்பாடுகளைப் பற்றி: போலீஸிடம் சொல்லாததைக் கோர்ட்டில் சொன்னார் என்று வாதாட வேண்டுமானால், சாட்சியிடமே அந்த முந்தைய வாக்குமூலப் பகுதியைக் காட்டிக் கேட்க வேண்டும். பிறகு புலன் விசாரணை அதிகாரி கூண்டேறும்போது "இந்தச் சாட்சி உங்களிடம் இதைச் சொன்னாரா?" என்று கேட்டு, இல்லை என்று அவர் வாயால் பதிவாக்க வேண்டும். இரண்டில் ஒன்று விட்டாலும் முரண்பாடு நிரூபணமாகவில்லை. எத்தனையோ நல்ல வாதங்கள் இந்த இரண்டாவது படியில் செத்துப்போகின்றன.

நம் பக்கத்தில் அடிக்கடி வருவது வி.ஏ.ஓ.விடம் ஒப்புதல் வாக்குமூலம். முன்பின் தெரியாத கிராம நிர்வாக அலுவலரிடம் எதிரி தானாகப் போய் "என் மனைவியைக் கொன்றுவிட்டேன்" என்று சொன்னான், அவர் எழுதி, காவல் நிலையத்துக்குக் கூட்டிப்போனார் என்று வழக்கு சொல்லும். ஏன் அவரிடம்? என்ன நம்பிக்கையில்? இதற்கு வலுவான பதில் இல்லையென்றால் நீதிமன்றம் அதைச் சந்தேகத்தோடுதான் பார்க்கும். அதன் பேரில் "கைப்பற்றிய" கயிறோ மண்ணெண்ணெய் கேனோ, முதல் நாள் பார்வை மகஜரிலேயே இருந்த பொருளா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். போலீஸ் ஏற்கெனவே பார்த்துவிட்ட பொருளை நாலாம் நாள் எதிரி காட்டித்தந்தான் என்பதில் கண்டுபிடிப்பு எதுவும் இல்லை.

அதைவிட முக்கியம் பழைய நடைமுறைச் சட்டம் 313-ம் பிரிவில் நீதிபதி எதிரியிடம் கேட்கும் கேள்விகள்; இப்போது அது 351-ம் பிரிவு. ஒவ்வொரு பாதகமான சூழ்நிலையையும் தனித்தனியாக எதிரியிடம் கேட்க வேண்டும். கேட்காததை அவனுக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது. எதிரியோ பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் "பொய்" என்ற ஒரே சொல்லைச் சொல்லி இறங்கிவிடுகிறான். மற்ற வழக்குகளில் அதனால் பாதகம் குறைவு. வீட்டுச் சாவில், அன்று அறையில் அவன் இருந்தது நிரூபணமாகியிருந்தால், அந்த மௌனமே கண்ணியாகிவிடும். எழுத்துமூலம் வாக்குமூலம் தாக்கல் செய்ய இடமுண்டு. எங்கே இருந்தான், எப்போது பார்த்தான், யாரைக் கூப்பிட்டான் என்று ஏ.ஆர். காப்பியோடு ஒத்துப்போகிற விளக்கத்தைத் தர வேண்டிய இடம் அதுதான். மேல்முறையீட்டு மனுவில் முதன்முறையாகச் சொல்லும் விளக்கம் எடுபடாது.

304பி வேறு கணக்கு. ஏழு வருஷத்துக்குள் இயல்புக்கு மாறான சாவு, சாவுக்குச் சற்று முன்பு வரதட்சணை கேட்டுக் கொடுமை. இவை நிரூபணமானால் நீதிமன்றம் வரதட்சணைச் சாவு என்று அனுமானித்தே ஆக வேண்டும். குறைந்தபட்சத் தண்டனை 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். இங்கே கல்யாணத் தேதியை நிரூபிக்கும் பத்திரிகையோ பதிவுச் சான்றோ வேண்டும். "சற்று முன்பு" என்பதற்கு நாள் கணக்கு இல்லை; கொடுமைக்கும் சாவுக்கும் அறுபடாத தொடர்பு வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன்பு ஊர்ப் பஞ்சாயத்தில் பேசி முடித்தது, அதற்குப் பிறகு ஒன்றுமில்லை என்றால் தொடர்பு அறும். 2024 ஜூலை 1-க்குப் பிறகு நடந்த சாவென்றால் பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் கொலைக்கு 103, வரதட்சணைச் சாவுக்கு 80, கொடுமைக்கு 85, தற்கொலைக்குத் தூண்டியதற்கு 108. அதற்கு முன் நடந்ததென்றால் குற்றத்துக்குப் பழைய எண்களே. சாவு நடந்த தேதிதான் கணக்கு, தீர்ப்புத் தேதி கிடையாது.

தாக்கல் செய்யும் வேலை சுருக்கமானது. தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பு நகல் இலவசம். உடனே கொடுக்க வேண்டும். செஷன்ஸ் தண்டனைக்கு எதிராகச் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு 60 நாள். நகல் மனுப் போட்டு வாங்கினால், நகல் எடுக்க ஆன நாட்கள் அதில் கழியும். நகலின் பின்பக்கத்து முத்திரையில் மனுப் போட்ட தேதி, தயாரான தேதி, கொடுத்த தேதி இருக்கும், அதைச் சரிபாருங்கள். வக்காலத்தில் சிறையில் கையெழுத்து வாங்கி, சிறை அதிகாரியின் சான்றொப்பமும் வேண்டும். வக்கீல் வைக்க வசதியில்லாவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் மூலமே மேல்முறையீடு அனுப்பலாம். காவலில் இருப்பவருக்கும், பெண்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. உயர் நீதிமன்ற சட்டப்பணிகள் குழு வக்கீல் நியமிக்கும். ஆயுள் தண்டனை என்றால் இருவர் அமர்வு கேட்கும்.

மேல்முறையீட்டோடு தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீன் கேட்கும் மனு போடுவார்கள். ஏழு வருஷம் போன்ற குறிப்பிட்ட காலத் தண்டனையில் தாராளமாகவும், கொலை வழக்கில் விதிவிலக்காகவும் பார்ப்பார்கள். பெரிய குற்றங்களில் அரசு வக்கீலுக்கு எழுத்தில் ஆட்சேபிக்க வாய்ப்புத் தர வேண்டும். மாமியார் வயது, நோய், அவர் மேல் தனிப்பட்ட குற்றச்சாட்டு இல்லாதது ஆகியவற்றை ஆவணத்தோடு வையுங்கள். விசாரணைக் காலத்தில் ஜாமீனில் ஒழுங்காக இருந்ததையும் எழுதுங்கள்.

விடுதலையாகிவிட்டால் பெண் வீட்டாருக்கும் மேல்முறையீட்டு உரிமை உண்டு, அரசு போடாவிட்டாலும். அதைத் தருவது பழைய நடைமுறைச் சட்டம் 372-ம் பிரிவின் காப்புரை, இப்போது 413. உயர் நீதிமன்றத்தின் முன் அனுமதி வேண்டியதில்லை என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் விடுதலைத் தீர்ப்பைக் கவிழ்ப்பது கடினம். இரண்டு பார்வைக்கு இடமிருந்து கீழ்க்கோர்ட் ஒன்றை எடுத்திருந்தால், மற்றது தமக்குச் சரியாகப் பட்டாலும் தலையிட மாட்டார்கள். ஆகவே மனுவில் அழுகையை எழுதாதீர்கள். ஏ.ஆர். காப்பியைப் பார்க்கவே இல்லை, மருத்துவர் சொன்னதற்கு நேர்மாறாக எழுதப்பட்டிருக்கிறது, 106 பற்றி ஒரு வரியும் இல்லை என்று பக்க எண்ணோடு எழுதுங்கள். உயர் நீதிமன்றம் விடுதலையை ரத்து செய்து ஆயுளோ பத்தாண்டோ அதற்கு மேலோ கொடுத்தால், எதிரிக்கு உச்ச நீதிமன்றம் போக உரிமையாகவே வழி உண்டு.

கடைசியாக, தீர்ப்பின் கடைசிப் பத்தி. வழக்கில் கைப்பற்றிய பொருட்களை என்ன செய்வது என்ற 'சொத்து ஒப்படைப்பு' உத்தரவு அங்கேதான் இருக்கும். சேலை, கயிறு, ஸ்டூல் ஆகியவற்றை மேல்முறையீட்டுக் காலம் முடிந்ததும் அழிக்கும்படி எழுதியிருப்பார்கள். மேல்முறையீடு தாக்கலானதைக் கீழ்க்கோர்ட்டுக்கும் எழுத்தில் தெரிவியுங்கள், பொருள் போய்விட்டால் திரும்பாது. நகைகள் வேறு. வரதட்சணைத் தடுப்புச் சட்டம் 6-ம் பிரிவின்படி, கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் இயற்கையல்லாத காரணத்தால் பெண் இறந்தால், அவளுக்காகக் கொடுத்தது அவள் பிள்ளைகளுக்கு. பிள்ளை இல்லையென்றால் அவளைப் பெற்றவர்களுக்கு. கணவனுக்கு இல்லை. வழக்கு முடிந்து வருஷக்கணக்கான பிறகும் யாரும் மனுப் போடாமல், சான்றுப் பொருள் எண் ஒட்டிய சின்ன உறையில் அந்தத் தாலியும் தோடும் நீதிமன்றச் சொத்து அறையில் கிடக்கும். மனுவுக்கு ஒரு பக்கம் போதும். பிள்ளை மைனராக இருந்தால், வளர்க்கிற பாட்டியோ தாத்தாவோ காப்பாளராக அதில் கையெழுத்துப் போடலாம்.